கொல்லையில் ஒரு நிழல்வலைக் குடில்: டெல்டா வீடுகளுக்கான செய்முறை

பசுமைக்குடில் என்று இணையத்தில் தேடினால், கண்ணாடிக் கூரை போட்ட அழகான படங்கள்தான் முதலில் வந்து நிற்கும். குளிர்நாட்டில் சூட்டைப் பிடித்து வைக்க அது தேவைப்படுகிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் சித்திரை வெயிலில் அப்படி ஒன்றைக் கட்டினால் உள்ளே நாற்று வெந்துவிடும். நமக்கு வேண்டியது வெயிலைப் பாதியாகக் குறைக்கிற, காற்று தடையில்லாமல் போய்வருகிற நிழல்வலைக் குடில். கும்பகோணம், ஐயம்பேட்டைப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தி நட்டு, அதன் நிழலில் வெற்றிலையைப் படரவிடுகிறார்கள் அல்லவா? அதே வேலையை இங்கே வலை செய்யப் போகிறது.

கீழே சொல்லியிருக்கும் குடிலுக்கு 9 அடி அகலம், 12 அடி நீளம் இடம் போதும். ஆனி மாதத்துக்குள் கட்டி முடித்தால் ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட்டுவிடலாம்.

இடம் பார்ப்பது

போன ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் எங்கே தண்ணீர் தேங்கியது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அந்த இடம் வேண்டாம். தென்னைக்கு அடியிலும் வேண்டாம். ஒரு மட்டை விழுந்தால் வலை கிழியும், தேங்காய் விழுந்தால் ஆளுக்கே ஆபத்து. நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடமாக, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. குடிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? அப்படியானால் தரையில் நேரடியாக நடும் எண்ணத்தை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் தொட்டியிலும் பையிலும் வளர்ப்பதாக முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நீடாமங்கலம் அல்லது சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், தண்ணீர் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம்.

வாங்க வேண்டியவை

கால்களுக்குச் சவுக்குக் கழி: 11 அடியில் மூன்று, 10 அடியில் மூன்று. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இன்னும் நாள் தாங்கும், ஆனால் செலவு கூடும். முதல் குடிலுக்குச் சவுக்கே போதும் என்பது என் கட்சி. மேலே கட்ட மூங்கில்: 10 அடியில் மூன்று, 13 அடியில் இரண்டு. இவை போக ஜி.ஐ. கம்பி, கட்டுக்கம்பி, நைலான் கயிறு, முளைக்குச்சிகள், கால்குழியில் போட உடைந்த செங்கல்.

வலையில்தான் பலர் குழம்புவார்கள். 35, 50, 75, 90 என்று சதவீதம் போட்டு விற்பார்கள். அது எவ்வளவு வெயிலை மறைக்கிறது என்ற கணக்கு. நாற்றுக்கும் கீரைக்கும் 50 சதவீதம். தக்காளி, மிளகாயைக் காய்ப்பு வரை உள்ளேயே வைக்க நினைத்தால் 35. பெரணி, ஆந்தூரியம் மாதிரி நிழல் கேட்கும் அலங்காரச் செடிகளுக்கு 75. தொடக்கத்தில் 50 வாங்குங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கட்டுகிற 90 சதவீத வலை மிஞ்சிக் கிடக்கிறது என்று அதைக் கொண்டுவந்து போட்டால் நாற்று வெளிறி, கொடி போல நீண்டு சாயும்.

கடையில் 3 மீட்டர் அகல வலை எளிதாகக் கிடைக்கும். 3 மீட்டர் என்பது முழுதாகப் பத்து அடி வராது. ஒன்பதே முக்கால் அடியும் கொஞ்சமும்தான். குடிலின் அகலத்தை 9 அடி என்று வைத்தது இதற்காகத்தான்: ஒரே துண்டில் கூரை மூடிவிடும், தையல் வேலை இல்லை. கூரைக்கு 4 மீட்டர், மேற்கு, தெற்குப் பக்கங்களுக்கு ஆறரை மீட்டர். 11 மீட்டர் வெட்டி வாங்கினால் சரியாக இருக்கும். புற ஊதாக் கதிர் தாங்கும் வலைதானா என்று கேட்டு வாங்குங்கள். தாங்காத வலை நம் வெயிலில் சீக்கிரமே நார் நாராக உதிரும்.

கால் நடுவது

முதலில் நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலைமட்டம் பார்க்கக் கொத்தனார் வழியே போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் அடையாளம் வையுங்கள், இரண்டுக்கும் இடையே குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. நீளப்பக்கத்தின் நடுவில், அதாவது 6 அடியில், இன்னொரு கால். ஆக ஒரு வரிசைக்கு மூன்று, மொத்தம் ஆறு.

குழி 2 அடி ஆழம் இருக்க வேண்டும். நம் களிமண்ணின் குணம் தெரியும்: கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறிக் குழையும். வெறும் மண்ணைத் தள்ளி மூடிய கால் வைகாசியில் ஆடும், கார்த்திகையில் சாயும். அதனால் உடைந்த செங்கலையும் மணலையும் அரை அடிக்கு ஒருமுறை போட்டுக் கடப்பாரையால் நன்றாகக் கிட்டித்துக்கொண்டே வாருங்கள். கழியின் அடி இரண்டரை அடிக்கு முன்கூட்டியே தார் பூசிக் காயவைத்தால் கரையானும் ஈரமும் சீக்கிரம் அண்டாது.

உயரமான மூன்றும் வடக்கே, மற்ற மூன்றும் தெற்கே. வடக்கில் 9 அடி, தெற்கில் 8 அடி என்று கூரைக்கு ஒரு சரிவு கிடைக்கும். சரிவு இல்லாத வலையில் வேப்பஞ்சருகு சேர்ந்து தொந்தி போடும். உயரத்தையும் குறைக்காதீர்கள், தாழ்வான குடிலில் சூடு தலைக்கு மேலேயே தங்கிவிடும்.

கால்களின் தலையில் நீள மூங்கில் இரண்டையும், அவற்றின் மேல் குறுக்காக மற்ற மூன்றையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். பிறகு 2 அடிக்கு ஒன்றாக ஜி.ஐ. கம்பியை நீளவாக்கில் இழுத்துக் கட்டினால் வலை தொய்யாது. மூலைக்கால் ஒவ்வொன்றிலிருந்தும் வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரு இழுகம்பி கட்டி, தரையில் முளை அடித்து இறுக்குங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வரும். இழுகம்பி இல்லாத குடில் இரண்டில் ஒன்றுக்குத் தப்பாது.

வலை கட்டுவது

காற்றில்லாத காலை நேரத்தில், இரண்டு பேராக. வலையின் ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து, அந்த மடிப்பின் வழியாக நைலான் கயிற்றைக் கோத்து மூங்கிலோடு கட்டுங்கள். முடிச்சு எல்லாம் உருவு முடிச்சாக இருக்கட்டும், இழுத்தால் உடனே அவிழ வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்தில் மேற்கும் தெற்கும் மூடினால் போதும். சாயங்கால மேற்கு வெயில்தான் நாற்றை அதிகம் வாட்டுகிறது. வடக்கும் கிழக்கும் திறந்தே இருக்கட்டும், காற்று வேண்டும். வெள்ளை ஈத் தொல்லை உள்ள இடமானால், நாலு பக்கங்களுக்கும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண் உள்ள) பூச்சிவலை வாங்கி மாட்டி, வாசலிலும் ஒரு திரை போடலாம். நிழல்வலையின் கண் பெரியது, வெள்ளை ஈயை அது தடுக்காது.

தரையும் மேடையும்

உள்தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரை அடியாவது உயர்த்துங்கள். கட்டடம் இடித்த செங்கல் தூள் கிடைத்தால் அதைக் கொட்டி, மேலே கொஞ்சம் மணல் பரப்பினால் சேறாகாது. சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். குடிலைச் சுற்றிப் புல்தரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: விலை கொடுத்து வாங்கும் புல்லை ஒரே மழையில் கோரை முந்திவிடும். அருகம்புல்லையே பதித்து, அடிக்கடி வெட்டிவிட்டால் பச்சையாக இருக்கும்.

9 அடியில் இரு பக்கமும் 3 அடி மேடை, நடுவில் 3 அடி நடைபாதை. மேடை இரண்டரை அடி உயரம், மேலே மூங்கில் வரிச்சு. இடைவெளி விட்டு அடியுங்கள், தண்ணீர் வடிய வேண்டும்.

கலவையும் விதையும்

கொல்லைக் களிமண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் கல்லாக இறுகும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. மணல் கிடைக்காவிட்டால் அந்தப் பங்குக்கு அரிசி ஆலையிலிருந்து கரியாகக் கருகிய உமி வாங்கிக் கலக்கலாம். மண் பொலபொலவென்று நிற்கும்.

நாற்று விட 98 குழிகள் உள்ள பிளாஸ்டிக் நாற்றுத்தட்டு (குழித்தட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மக்கிய தென்னை நார்க்கழிவு போதும், ஒரு தட்டுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் பிடிக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மிகுதி என்பதால் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மக்காத பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், வேர் கருகும். வாங்கியது மக்கியதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிவது நல்லது. கிலோவுக்கு 15 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சேருங்கள்.

விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளில் புரட்டிப் போட வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வேளாண்துறைக் கணக்கு. வீட்டுக்கு வாங்கும் சின்னப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. குழிக்கு ஒரு விதை, அரை அங்குல ஆழம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வையுங்கள். நாலைந்து நாள் கழித்து முளை எட்டிப் பார்த்ததும் பிரித்து மேடையில் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும், எனவே மூன்றாம் நாளிலிருந்தே திறந்து பாருங்கள்.

தண்ணீர் காலையில், பூவாளியால். கலவையை விரலால் தொட்டு ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். நாற்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். பெரும்பாலும் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். தக்காளி 25 நாளில் நடத் தயாராகும், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு தட்டுகளை வெளியே எடுத்து, தண்ணீரைக் குறைத்து, வெயில் பழக்குங்கள். வலைக்குள்ளேயே வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டால் துவண்டு போகும்.

மழையும் புயலும்

நிழல்வலை மழையைத் தடுக்காது. ஐப்பசி அடைமழையில் சொட்டு விழுந்தே பிஞ்சு நாற்று படுத்துவிடும். மேடைக்கு மேல் மட்டும் மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, பாலித்தீன் தாள் போர்த்துங்கள். மழை விட்டதும் இரு ஓரமும் தூக்கிவிட வேண்டும். தொடர்ந்து மூட்டமாக இருக்கும் வாரங்களில் கூரை வலையைச் சுருட்டி ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம், அந்த நாளில் நிழல் தேவையே இல்லை.

உருவு முடிச்சுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு, சவுக்குக் கழி என்ன தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விரித்த வலை காற்றில் கப்பல் பாய் போல ஆகிவிடும், கால்களைப் பிடுங்கிக்கொண்டு போகும். புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குள் போடுங்கள், தட்டுகளைத் திண்ணைக்கு மாற்றுங்கள். வெறும் கழிக்கூட்டின் வழியாகக் காற்று புகுந்து போய்விடும்.

தை பிறந்ததும் வலையைத் தூசி போகக் கழுவி மறுபடி கட்டலாம். மாசிக்கு மேல் வெளியே நன்றாக வராத கொத்தமல்லியும் சிறுகீரையும் உள்ளே வரும். கனகாம்பரத் தொட்டி இரண்டு வையுங்கள், அரைநிழல் அதற்குப் பிடிக்கும். மல்லிகையை மட்டும் வெளியிலேயே விடுங்கள், நிழலில் இலைதான் வைக்கும், பூக்காது.