சாயப்பட்டறை மாஸ்டரின் அனுபவத்தைக் கணினி விதிகளாக்குவது எப்படி?

1980களில் அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் நிறுவனம், சூப் டின்களைக் கிருமிநீக்கும் பெரிய குக்கர்களின் கோளாறுகளை நன்கறிந்த மூத்த ஊழியர் ஓய்வுபெறும் வேளையில், அவருடைய அறிவை ஏறத்தாழ 150 விதிகளாகத் தொகுத்துக் கணினியில் ஏற்றியது. இப்படி ஒரு நிபுணரின் அறிவை விதிகளாகக் கொண்டு முடிவு சொல்லும் கணினி அமைப்பே நிபுணர் அமைப்பு. அதுபோன்ற ஒன்றைத் திருப்பூரின் சாயப்பட்டறை ஒன்றும் உருவாக்கிக்கொள்ளலாம்.

படி 1: ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "ரியாக்டிவ் சாயமிட்ட பருத்தித் துணியின் ஷேடு (நிறச்சாயல்) ஏன் வெளிறியது?" என்பது போதும்.

படி 2: மாஸ்டரிடம் "எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள்; "எல்லாம் அனுபவம்தான் தம்பி" என்பார். பழைய பேட்ச் கார்டுகளில் (ஒவ்வொரு முறை சாயமிட்டதன் குறிப்புகள்) சிலவற்றைக் கடைசிச் சோதனைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றவற்றை அவர்முன் வைத்து, முதலில் எதைப் பார்த்தார், எதைச் சந்தேகித்தார், அந்தச் சந்தேகம் எதனால் நீங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் கேள்வி கேட்கும் வரிசையே பாதி அறிவு என்பதால், அதை மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கிடைத்ததை "இப்படி இருந்தால், இது காரணம்" என்ற வடிவில் எழுதுங்கள்.

விதி 1: ப்ளீச்சிங்குக்குப் பின் பெராக்சைடு எஞ்சியிருந்தால், அது சாயத்தைச் சிதைத்திருக்கும், அடுத்த பேட்ச்சில் பெராக்சைடு கில்லர் (எஞ்சிய பெராக்சைடை நீக்கும் பொருள்) இட்டு, சோதனைத் தாளில் பார்த்த பிறகே சாயம் விடவும்.

விதி 2: பெராக்சைடு இல்லை, ஆனால் சோடா ஆஷ் என்ற காரப்பொருளை இட்ட பின்பும் பிஎச் (அமில-கார அளவு) 10.5க்குக் கீழே இருந்தால், சாயம் இழையோடு முழுமையாகப் பிணைந்திருக்காது. சோடா ஆஷ் அளவைச் சரிபார்க்கவும்.

கார்டில் பிஎச் எழுதும் வழக்கமே இல்லையென்றால், கணினியை ஒதுக்கிவிட்டு முதலில் அதற்கொரு கட்டம் போடுங்கள்.

படி 4: சில டஜன் விதிகளுக்கு எக்செல் தாளே போதும். நிபந்தனை, முடிவு ஆகியவற்றோடு "ஏன்" என்றொரு நெடுவரிசையும் அவசியம் வேண்டும். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்ற மருத்துவ அமைப்பே, தான் ஒரு கேள்வியைக் கேட்பதற்கான காரணத்தை மருத்துவருக்கு விளக்கியது. காரணம் தெரியாத முடிவை ஷிப்ட் ஆபரேட்டரும் நம்பமாட்டார். விதிகள் பெருகி ஒன்றோடொன்று பின்னும்போது, நாசாவில் 1985இல் தோன்றிய கிளிப்ஸ் என்ற, விதிகளைக் கையாளும் இலவச மென்பொருளுக்கு மாறலாம்.

படி 5: மாஸ்டரிடம் காட்டாமல் ஒதுக்கிவைத்த கார்டுகளை இப்போது அமைப்பிடமும் அவரிடமும் தனித்தனியே கொடுங்கள். விடைகள் வேறுபடும் இடத்தில், பெரும்பாலும் அவர் சொல்ல மறந்த ஒரு நிபந்தனை அகப்படும். எந்த விதியும் பொருந்தாதபோது அமைப்பு ஊகிக்கக் கூடாது. ஆகவே, தாளின் கடைசி வரியில் "மாஸ்டரை அழைக்கவும்" என்று எழுதிவையுங்கள்.