சூடாக்கி இழுத்தால் படலம் ஏன் விறைக்கிறது? நீங்களே செய்து பாருங்கள்

சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கை இழுத்தால் மேலும் தளர்ந்துவிடும் என்றுதான் நினைப்போம். தண்ணீர் பாட்டில்கள் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கில் நடப்பது நேரெதிர்.

1. அடியில் 1 என்ற எண் முத்திரை (பெட்டுக்கான குறி) உள்ள, கண்ணாடி போன்ற மெல்லிய பெட்டியோ மூடியோ எடுங்கள். அதன் தட்டையான பகுதியிலிருந்து 1 செ.மீ. அகலத்தில் பட்டைகள் வெட்டுங்கள். பாட்டிலின் சுவர் வேண்டாம். ஊதி உருவாக்கும்போதே அது இழுபட்டுவிட்டது.

2. அழியாத மார்க்கரால் 1 செ.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போடுங்கள்.

3. அகலமான பாத்திரத்தில் தண்ணீரை 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். வெப்பமானி கட்டாயம். ஏறக்குறைய 75 டிகிரிக்குக் கீழே பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் உறைந்து கிடக்கும், நகராது.

4. தடித்த கையுறை போட்டு, பட்டையின் இரு முனைகளையும் குறடுகளால் பிடித்து நீருக்குள் பத்து விநாடி வையுங்கள். அப்புறம் தயங்காமல், சீராக இழுங்கள்.

கவனிக்க வேண்டியது இந்த நொடியைத்தான். முதலில் ரப்பர் போல எளிதாக வரும். கோடுகளின் இடைவெளி 3, 4 செ.மீ. ஆகும்போது திடீரென்று கை தடைபடும். சிக்கிக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகி, அருகருகே ஒட்டிச் சின்னஞ்சிறு படிகங்களாகின்றன. அந்தப் படிகங்களே முடிச்சுகளாகிச் சங்கிலிகளை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மிக மெதுவாக இழுத்தால் சங்கிலிகள் நழுவித் தளர நேரம் கிடைத்துவிடும். நீளம் வரும், விறைப்பு அவ்வளவாக வராது.

5. பிடியை விடாமலே குளிர்ந்த நீரில் முக்குங்கள்.

சரி, விறைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? புதியவர்கள் எல்லோரும் வளைத்துப் பார்ப்பார்கள், பட்டை துவள்வதைக் கண்டு ஏமாறுவார்கள். நான்கு மடங்கு நீண்ட பட்டையின் தடிமன் பாதியாகிவிடும். வளைப்பை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அதனாலேயே எட்டில் ஒன்றாகக் குறையும். பொருள் விறைத்திருந்தாலும் கைக்குத் தெரியாது. ஆகவே வளைக்காதீர்கள், நீளவாக்கில் இழுங்கள். இழுக்காத பட்டை ஓரிடத்தில் கழுத்துப் போல ஒடுங்கி நீளும். இழுத்த பட்டை அசையாது.

6. இழுத்த பட்டையைப் பிடிக்காமல் மறுபடி வெந்நீரில் போடுங்கள். ஓரளவு சுருங்கும். இதைத் தடுக்கத்தான் படலத் தொழிற்சாலைகளில் படலத்தை இறுக்கிப் பிடித்தபடியே 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, படிகங்களை வளரவிடுகிறார்கள்.