ஓய்வுக்குப் பின் எங்கே குடியிருப்பது? நெல்லைச் சீமையில் இடம் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நெல்லைப் பக்கம் திரும்ப நினைப்பவர்கள், கையில் வரும் தொகைக்கு எந்தப் பக்கம் மனை கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையைச் சிறிது காலம் ஒத்திப்போடுங்கள். ஸ்கூட்டரை ஓட்ட முடியாமல் போகும் வயதில், பிறர் கையை எதிர்பார்க்காமல் எந்தத் தெருவில் வாழ முடியும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். நெல்லைப் பக்கத்தில் இப்போது வீட்டைத் தேடத் தொடங்குபவர்களுக்காகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். இந்த வரிசையிலேயே செய்து வருவது நல்லது.

முதல் படி: இருவரும் தனித்தனியாக எழுதுங்கள்

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தாளில், தினமும் செய்ய விரும்பும் காரியங்களையும் வாரம் ஒருமுறை போக விரும்பும் இடங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டாம். சொந்த ஊருக்குப் போகலாம் என்று ஆண்கள் சொல்லும்போது, அது பெரும்பாலும் அவர்கள் பிறந்த ஊராகவே இருக்கிறது. அந்த ஊருக்கு மருமகளாக வந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியூர் போய்விட்ட பெண்ணுக்கு அங்கே தோழி என்று ஒருவர்கூட இல்லாமலிருக்கலாம். மேலும், அறுபது வயதுக்கு மேல் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் மூத்த மருமகளாக நின்று வேலை செய்ய வேண்டிய பொறுப்பும் அவருக்கு அங்கே காத்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தம்பதியரில் ஒருவர் முந்திக்கொள்ளத்தான் போகிறார். வயது வேறுபாட்டின் காரணமாகப் பல குடும்பங்களில் மனைவியே பின்னர் தனித்து இருக்க நேர்கிறது. ஆகவே தேர்ந்தெடுக்கும் இடம், அவர் தனியாகக் கடைக்கும் வங்கிக்கும் கோயிலுக்கும் போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பேசத் தயங்கும் விஷயம்தான், ஆனாலும் மனை பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவமனையை நடுவில் வைத்து வரைபடம் பாருங்கள்

வரைபடத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கே இருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் பலவும் வண்ணார்பேட்டையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உள்ளன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின், அங்குள்ள அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருக்கிறது. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் போன்ற ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு.

ஆனால் மருத்துவமனை இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த ஸ்கேனை எங்கே எடுப்பார்கள், 108 ஆம்புலன்ஸ் எந்த ஊரிலிருந்து வரும், வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று, நீங்கள் குடியேற நினைக்கும் தெருவில் இருப்பவர்களிடமே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறால் டயாலிசிஸ் தேவைப்படுபவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் என்பது வழக்கமான கணக்கு. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்தை ஒருமுறை காரில் கடப்பது பெரிதில்லை; வாரம் மூன்று முறை சோர்ந்த உடம்போடு போய்த் திரும்புவது மிகவும் கடினம். ஏற்கெனவே இதயம், சிறுநீரகம் தொடர்பான சிகிச்சையில் இருப்பவர்கள் மாநகரை விட்டு விலகிக் குடியேற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அப்படிப்பட்ட தொந்தரவு இல்லாதவர்களுக்குத் தாமிரபரணிக் கரையின் சிற்றூர்கள் மிக நல்ல இடங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகியவை திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதையிலேயே இருக்கின்றன. ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால், மகனையோ மகளையோ பார்க்கச் சென்னைக்குப் போவதும் சிரமமாக இருக்காது.

மூன்றாம் படி: தண்ணீரையும் காற்றையும் விசாரியுங்கள்

இந்தப் பக்கத்தில் மழை எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலப் பெய்வதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைக் கொடுக்கும்போது, கிழக்கே சமவெளியில் அதே காற்று மழையில்லாமல் புழுதியை அள்ளி வீசும். சமவெளிக்கு வாழ்வு கொடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் குற்றாலத்துச் சாரலில் மயங்கி அவசரப்பட்டு அங்கே வீடு வாங்கிவிட வேண்டாம். ஈரக்காற்று எல்லா நெஞ்சுக்கும் ஒத்துக்கொள்ளாது. சீசன் மாதங்களில் அருவிக்குப் போகும் கூட்டத்தால் சாலைகளில் ஏற்படும் நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றிய விசாரணையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். வீட்டை விற்பவர் தண்ணீர் வரவில்லை என்றுதான் சொல்வார். நீங்கள் அந்தத் தெருவின் மதில் சுவர்களைப் பாருங்கள்: முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ, வெள்ளையடித்த பிறகும் மங்கலான காவி நிறத்தில் ஒரு கோடு சுவர் நெடுகச் சமமாக ஓடும். ஒரு வீட்டில் மறைத்திருந்தாலும் மின்கம்பத்திலோ அடுத்த வீட்டு மாட்டுத்தொழுவத்திலோ அது தெரிந்துவிடும். அதோடு, பக்கத்துக் குளம் நிரம்பினால் எந்த வழியாக மறுகால் பாயும் என்று வயசாளிகளிடம் கேளுங்கள். மறுகால் ஓடைகளை மூடி மனைகளாக்கியிருக்கும் இடங்களில், பல ஆண்டுகள் கழித்தாவது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்துவிடும்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, கடலை ஒட்டிய உவரி, கூடங்குளம் பக்கத்தில் ஒரு தெருவில் குடிக்க நன்றாக இருக்கும் நீர் அடுத்த தெருவில் கரிக்கக்கூடும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மலையடிவாரத்தில் தோட்டத்தோடு வீடு வாங்க விரும்புபவர்கள், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருப்பதை மறக்காமல், யானை, கரடி, காட்டுப்பன்றி நடமாட்டத்தைப் பற்றிக் கேட்டறிய வேண்டும்.

நான்காம் படி: ஓராண்டு வாடகைக்கு இருங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் மிகவும் வற்புறுத்துவேன். வேலை பார்த்த ஊரில் இருக்கும் வீட்டை உடனே விற்றுவிடாமல், வாடகைக்கு விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த ஊரில் நீங்களும் வாடகைக்குக் குடியேறுங்கள். புரட்டாசியில் வருவது நல்லது. வந்தவுடன் மழைக்காலத்தையும், பின்னர் சித்திரை, வைகாசி வெயிலையும், அதன்பின் ஆடிக்காற்றையும் பார்த்துவிடலாம். ஊர்க் கோயில் திருவிழாவான கொடை விழாவுக்கு மூன்று நாள் வந்துபோகும்போது ஊர் முழுவதும் உறவினரால் நிறைந்திருக்கும். கொடை முடிந்து அவரவர் வேலைக்குத் திரும்பிய பின், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் பேச யார் இருக்கிறார்கள் என்பதை அங்கேயே குடியிருந்துதான் அறிய முடியும்.

அந்த ஆண்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு வாரம் முழுவதும் உங்கள் வண்டியையோ காரையோ வெளியே எடுக்காமல், நடந்தும் பேருந்திலும் ஆட்டோவிலும் மட்டுமே எல்லா வேலைகளையும் முடித்துப் பாருங்கள். பால், காய்கறி, மருந்துக்கடை, தபால் நிலையம், வங்கி, கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது தேவாலயம் ஆகிய அனைத்துக்கும் போய்வர முடிந்ததென்றால் அந்த இடம் உங்களுக்கு ஏற்றது. பாளையங்கோட்டையில் மகாராஜநகர் போன்ற பழைய குடியிருப்புகள், உழவர் சந்தை முதலிய வசதிகள் அருகிலிருப்பதால், இந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன. நான்குவழிச் சாலையை ஒட்டிப் புதிதாகக் கல் நட்டு விற்கப்படும் மனைகளில் பெரும்பாலானவை தேறுவதில்லை. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அங்கே வீடு கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: வீட்டை முதிய கண்ணோடு பாருங்கள்

பூர்வீக வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். நம் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில் தார்சா என்னும் முன்பகுதியைத் தாண்டிப் பட்டாசல் என்னும் கூடம், அதைத் தாண்டி அடுக்களை, அதற்கும் பின்னால் புறவாசல் என்று வீடு நீளமாகப் போகும்; கழிப்பறை புறவாசலின் கடைசியில் இருக்கும். இரவில் எழுந்து போகும் ஒருவர் மூன்று நான்கு நிலைப்படிகளைத் தாண்டி, ஈரமான கல்படியில் இறங்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிவதற்கு அந்த ஒரு படி போதும். ஆகவே படுக்கும் அறையை ஒட்டி, வழுக்காத தளமும் சுவரில் கைப்பிடியும் மேல்நாட்டு முறைக் கழிப்பறையும் கொண்ட குளியலறை ஒன்றைக் கட்டுவதே முதல் செலவாக இருக்கட்டும். முகப்பும் வண்ணமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடியில் வாங்குவதென்றால் லிஃப்ட் இருப்பதோடு, மின்தடையின்போது அது ஜெனரேட்டரில் இயங்குகிறதா என்றும் கேளுங்கள்.

ஆறாம் படி: பத்திரங்கள்

தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை வாங்கி, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும், நிலம் குளம் அல்லது வாய்க்கால் புறம்போக்கை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தென்றால், உடன்பிறந்த பெண்கள் உட்பட எல்லாருடைய பங்கும் எழுத்தில் தீர்ந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: குடியேறிய பின்

வீடு அமைந்தவுடன் அதைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உங்கள் இருவரின் காலம்வரை வீடு உங்கள் பெயரிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. அதற்குப் பின் யாருக்கு என்பதை உயிலில் எழுதலாம். அப்படியும் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், வாங்குபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேருங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர முடியும்.

பிறகு ஓய்வூதியக் கணக்கையும், ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றின் முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் கொடுக்கத் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பகுதியின் எந்த மருத்துவமனைகள் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் எண்களையும், 108ஐயும், மூத்த குடிமக்கள் உதவி எண்ணான 14567ஐயும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். வீட்டுச் சாவி ஒன்றை, எதிர்வீட்டிலோ அடுத்த வீட்டிலோ நம்பிக்கையான ஒருவரிடம் முதல் மாதத்திலேயே கொடுத்துவையுங்கள்.