ஆல் ஸ்டார் ஆட்டத்தைக் கடுப்பாகாமல் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நட்சத்திரங்களைப் பொறுக்கியெடுத்து ஆடவிடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தை முதல்முறை பார்க்கும் யாரும் பத்தாவது நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள், "ஏன் ஒருத்தர்கூடத் தடுக்க மாட்டேன்கிறார்?" நானும் அப்படித்தான் கேட்டேன், கேட்டுவிட்டுப் பாதியிலேயே தூங்கியும் போனேன். அப்புறம்தான் புரிந்தது, தப்பு ஆட்டத்தில் பாதி, நான் பார்த்த விதத்தில் பாதி.

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். சீசனின் நடுவே பிப்ரவரியில் வரும் இந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் யாருடைய அணியும் பட்டியலில் ஒரு படி ஏறாது, இறங்காது. காட்சி ஆட்டத்தில் கணுக்காலைப் பிசகிக்கொண்டு திரும்பினால் சொந்த அணிக்கு யார் பதில் சொல்வது? அதனால் ஒருவர் பந்து போட வேண்டிய ரிங்கை நோக்கி ஓடினால் எதிரே நிற்பவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார். 2024-ல் இண்டியானாபொலிஸில் இது உச்சத்துக்குப் போனது. கிழக்குப் பகுதி அணிகளின் நட்சத்திரங்கள் 211, மேற்குப் பகுதியினர் 186. சாதாரண ஆட்டத்தில் ஒரு அணி 110, 120 எடுத்தாலே நல்ல ஸ்கோர் என்பதை வைத்துப் பார்த்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே ஸ்கோர் எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள், இங்கே அதற்கு அர்த்தமே கிடையாது.

அந்த ஆண்டு விதி என்ன என்று உட்காரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 1951-ல் பாஸ்டனில் தொடங்கியதிலிருந்து 2017 வரை கிழக்கு, மேற்கு என்றுதான் ஆடினார்கள். 2018 முதல் 2023 வரை, தெருவில் பையன்கள் ஆள் பிரிப்பதைப் போல, இரண்டு கேப்டன்கள் தங்களுக்கு வேண்டியவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். 2024-ல் பழையபடி கிழக்கு, மேற்கு. 2025-ல் நான்கு அணிகள், முதலில் 40 புள்ளி எடுப்பவர் வெற்றி. 2026-ல் இரண்டு அமெரிக்க அணிகள், ஒரு உலக அணி, 12 நிமிடக் குட்டி ஆட்டங்கள். இது தெரியாமல் உட்கார்ந்தால் யார் யாரோடு ஆடுகிறார் என்பதே பிடிபடாது.

உண்மையைச் சொன்னால் சுவாரசியம் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது, ஆள் தேர்வில். தொடக்க ஆட்டக்காரர்களுக்கு ரசிகர் ஓட்டு பாதி, ஆட்டக்காரர்கள் கால்வாசி, பத்திரிகையாளர்கள் கால்வாசி. மாற்று ஆட்டக்காரர்களைக் கோச்சுகள் தேர்ந்தெடுப்பார்கள், தன் சொந்த ஆளுக்கு ஓட்டுப் போட முடியாது. முன்பு தொடக்க ஐவரை ரசிகர்கள் மட்டுமே முடிவு செய்தார்கள். 2016-ல் சராசரி ஆட்டக்காரரான ஜாசா பச்சூலியா ரசிகர் ஓட்டில் நூலிழையில் தொடக்க ஐவருக்குள் வராமல் போனார், அடுத்த ஆண்டே விதி மாறிவிட்டது. யாரை விட்டுவிட்டார்கள் என்று சண்டை போட ஒரு பெயரை நீங்களும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை இல்லாமல் ஆல் ஸ்டார் பாதிதான்.

ஞாயிறு ஆட்டத்துக்கு முந்தைய சனி இரவை விட்டுவிடாதீர்கள். தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும் த்ரீ பாயிண்ட் போட்டியும், எம்பிக் குதித்துப் பந்தை ரிங்குக்குள் அறையும் டங்க் போட்டியும் அன்றுதான். இதில் த்ரீ பாயிண்ட் போட்டிக்குத்தான் என் ஓட்டு, ஏனென்றால் அங்கே யாரும் நடிக்க முடியாது, பந்து உள்ளே போகும், இல்லையென்றால் போகாது. டங்க் போட்டியில் பெரிய நட்சத்திரங்கள் இறங்குவது அபூர்வமாகிவிட்டது.

சரி, ஞாயிறு ஆட்டம். முதல் பாதியில் தடுப்பை எதிர்பார்க்காமல் பாஸைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டு, பந்து இல்லாமல் ரிங்கை நோக்கி ஓடுபவரை ஒரு கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் காலைத் தரையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பந்து காற்றில் கிளம்பியிருக்கும். ஒன்றாக ஒருமுறையோ இருமுறையோ பயிற்சி செய்தவர்கள் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் இங்கே அதிசயம்.

ஆட்டம் எப்போது நிஜமாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வித்தை. அதற்குத் தடுப்பவரின் முழங்காலைப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் இன்னும் விளையாட்டு, மடங்கி, கைகள் அகன்றால் ரோஷம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த அறிகுறி, நடுவரிடம் யாராவது வாதாடுவது. ஆல் ஸ்டாரில் ஒருவர் ஃபவுலுக்காகக் கோபப்படுகிறார் என்றால் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இது கண்ணுக்குப் பழக வேண்டுமென்றால் 2020 சிகாகோ ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டரை, அதாவது கடைசிக் கால்பகுதியை, தேடி எடுத்துப் பாருங்கள். முன்னாள் நட்சத்திரம் கோபி பிரையன்ட் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று குவார்ட்டர் முடிவில் கேப்டன் யானிஸின் அணி 133, கேப்டன் லெப்ரானின் அணி 124. கடைசிக் குவார்ட்டருக்குக் கடிகாரமே கிடையாது. முன்னணியில் இருப்பவரின் புள்ளியோடு கோபியின் சட்டை எண்ணான 24-ஐக் கூட்டி 157 என்று இலக்கு வைத்தார்கள், யார் முதலில் தொடுகிறாரோ அவர் வெற்றி. அவ்வளவுதான், எல்லாரும் மாறிப்போனார்கள். யானிஸ் அணியின் கைல் லௌரி ஓடி வருபவரின் முன்னால் போய் நின்று மோதலை நெஞ்சில் வாங்கினார், காட்சி ஆட்டத்தில் யார் அதைச் செய்வார்? லெப்ரான் எறிந்ததை யானிஸ் தட்டிவிட்டார், முதலில் தட்டியது விதிமீறல் என்றார்கள், ரீப்ளே பார்த்துத் தீர்ப்பை மாற்றினார்கள். 156-155 என்று லெப்ரான் அணி முன்னணியில் இருந்த நிலையில், அந்த அணியின் ஆன்டனி டேவிஸ் ஃப்ரீ த்ரோ கோட்டில், அதாவது யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்கு எறியும் இடத்தில், நின்றார். முதல் பந்து தவறியது. இரண்டாவது உள்ளே. ஒரே ஒரு ஃப்ரீ த்ரோவில் முடிந்த அந்த ஆட்டத்தைச் சப்பென்று முடிந்தது என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த ஒரு பந்துக்காக அத்தனை நட்சத்திரங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே.

அதற்கு நேர்மாறாக இன்னொன்றும் பாருங்கள், 1992 ஆர்லாண்டோ. எச்ஐவி இருப்பதாகச் சொல்லி ஓய்வு பெற்றிருந்த நட்சத்திரம் மேஜிக் ஜான்சனை ரசிகர்கள் மேற்கு அணிக்கு ஓட்டுப் போட்டு உள்ளே கொண்டுவந்தார்கள். ஆட்டம் ஒருபக்கமாகத்தான் போனது, மேற்கு 153, கிழக்கு 113. ஆனால் கடைசியில் கிழக்கு அணியின் ஐசையா தாமஸும் மைக்கேல் ஜோர்டனும் ஒருவர் பின் ஒருவராக வந்து மேஜிக்கைத் தனியாகத் தடுத்தார்கள். மேஜிக் ஒரு த்ரீ பாயிண்டர் போட்டார், கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தும் எல்லாரும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ள ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

நேரலையில் பார்க்க முடியாதவர்கள் பதிவை எடுத்துவைத்துக்கொண்டு நேரே கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போங்கள். வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் கொஞ்சம் பின்னால் ஓட்டி அங்கிருந்து பாருங்கள், இருபதைத் தாண்டியிருந்தால் மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.