பழைய டாஸ் கேம மறுபடி ஓட்டிப் பாக்கறது எப்படிங்க?

போன ஏப்ரல் லீவுக்கு என்ற அக்கா பையன் ஈரோட்டுல இருந்து பல்லடத்துக்கு வந்திருந்தானுங்க. எட்டாவது முடிச்சிருக்கான், போனக் கைல குடுத்தா பொழுதுக்கும் அதுலயேதான் கெடக்கான். உன்ற வயசுல நாங்க என்னென்ன கேம் வெளையாண்டோம் தெரியுமாடான்னு நான் சும்மா இல்லாம வாயக் குடுக்க, "எங்கீங் மாமா, போட்டுக் காட்டுங்க பாக்கலாம்"னுட்டான். மாட்டிக்கிட்டேன். சாப்புட்டு ராத்திரி ஒம்போது மணிக்கு உக்காந்தது, மொத ரெண்டு மணி நேரம் கருப்பு ஸ்கிரீனத் தவிர ஒண்ணுமே வரல, அவன் பக்கத்துலயே கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிட்டான். உங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரமாச்சும் மிச்சமாகட்டும்னுதான் எழுதறேன். டாஸுங்கறது விண்டோஸுக்கு முன்னாடி கம்ப்யூட்டர ஓட்டுன சிஸ்டங்க.

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறேன். பழைய கேமெல்லாம் இப்பப் பாத்தா மொக்கைங்கன்னு சொல்றவங்கள்ல நெறையப் பேரு அத தப்பா ஓட்டிப்போட்டுத்தான் சொல்றாங்க. ஸ்பீடு சரியில்லாம, படம் அமுங்கிப்போயி, சவுண்டே இல்லாம ஓட்டுனா எந்த கேமும் மொக்கையாத்தான் இருக்கும். மொதல்ல அந்தக் காலத்துல ஓடுன மாதிரியே ஓட வைங்க, அதுக்கப்பறம் திட்டறதா இருந்தா திட்டுங்க.

மொத வேலை: ஒரே ஒரு கேம் எடுங்க

பத்து கேம் டவுன்லோட் பண்ணி வெச்சீங்கன்னா ஒண்ணக்கூட முழுசா வெளையாட மாட்டீங்க, இது என்ற அனுபவம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது டூம்ங்கற சுடற கேம். 1993 டிசம்பர்ல வந்தது. அதோட மொத எபிசோட மட்டும் அந்த கம்பெனியே ஷேர்வேரா விட்டாங்க, அதாவது நீ வெளையாடு, உன்ற கூட்டாளிக்கும் காப்பி போட்டுக் குடு, புடிச்சிருந்தா மீதி எபிசோடுக்குக் காசு அனுப்புன்னு. அதனால இத எடுக்கறதுல திருட்டுக் காப்பிங்கற பேச்சே இல்லீங்க. மேப்பெல்லாம் இருக்கற மெயின் ஃபைல் நாலு எம்பிதான். நம்ம ஃபேமிலி குரூப்புல காலைல வர்ற குட்மார்னிங் வீடியோவே அதவிடப் பெருசா இருக்கும்.

மத்த கேமுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு ஜிஓஜிங்கற வெப்சைட், 2008ல இருந்து பழைய கேமா விக்கறாங்க, ஆஃபர்ல ரொம்ப சல்லிசாக் கெடைக்கும், டாஸ் கேமா இருந்தா பெரும்பாலும் எல்லா செட்டிங்கும் அவங்களே போட்டுத்தான் குடுப்பாங்க. இன்னொண்ணு இன்டர்நெட் ஆர்க்கைவ்னு பழசையெல்லாம் சேத்து வெக்கற வெப்சைட். 2015 ஜனவரில ரெண்டாயிரத்துச் சொச்சம் டாஸ் கேம பிரவுசர்லயே வெளையாடற மாதிரி போட்டாங்க. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஒரு கேம் புடிக்குதா இல்லையான்னு பாக்கறதுக்கு அது போதும், ஆனா பிரவுசர மூடுனா சேவ் போயிரும், கீயும் சித்த லேட்டாத்தான் வேலை செய்யும். அத வெச்சு எந்த கேமயும் முடிவு பண்ணிராதீங்க.

ரெண்டாவது: டாஸ்பாக்ஸ்

இப்ப இருக்கற 64 பிட் விண்டோஸ்ல டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. அதுக்குத்தான் டாஸ்பாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், 2002ல இருந்து இருக்குது, இலவசம். உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடற மாதிரி காட்டும். இதே வம்சத்துல டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்னு புதுசா ஒண்ணு வந்திருக்குது, கீழ சொல்லப்போற படத்துப் பிரச்சனை அதுல தானாவே சரியா இருக்கும். ரெண்டுல எதுன்னாலும் போடுங்க.

டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணியாச்சா? இப்ப சி டிரைவ்ல கேம்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள டூம்னு ஒரு ஃபோல்டர், கேம் ஃபைலெல்லாம் அதுல போடுங்க. பேரு எட்டு எழுத்துக்குள்ள, நடுவுல ஸ்பேஸ் இல்லாம இருக்கோணும். டாஸுக்கு எட்டு எழுத்துக்கு மேல படிக்கத் தெரியாதுங்க, பெருசா வெச்சீங்கன்னா வால வெட்டி நெளிஞ்ச கோடு ஒண்ணும் ஒரு நம்பரும் ஒட்டி வெச்சுரும், அப்பறம் நம்ம ஃபோல்டரு எதுன்னு நமக்கே தெரியாது.

டாஸ்பாக்ஸத் தெறந்தா இசட்னு போட்டு ஒரு கோடு மினுக்கும். நான் ரெண்டு மணி நேரம் முழிச்ச எடம் இதுதான். டாஸ்பாக்ஸுங்கறது ஊட்டுல வாடகைக்கு விட்ட தனி ரூம்பு மாதிரி, அதுக்குள்ள இருக்கறவனுக்கு உங்க ஊட்டு மத்த ரூம்புக தெரியாது. இந்த ஃபோல்டருதான் உன்ற சி டிரைவ்னு நாமதான் கையப் புடிச்சுக் காட்டோணும். அதுக்குப் பேரு மவுண்ட். எம், ஓ, யு, என், டி அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு சி, இன்னொரு ஸ்பேஸ் விட்டு உங்க கேம்ஸ் ஃபோல்டரோட முழு அட்ரஸ், அப்பறம் என்டர். மவுண்ட் ஆயிருச்சுன்னு ஒரு வரி வரும். அடுத்து சி போட்டு அதுக்குப் பக்கத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புள்ளி (கோலன்), என்டர். அடுத்து சி, டி, ஸ்பேஸ், டூம், என்டர். கடைசியா டூம்னு மட்டும் அடிச்சு என்டர். நான் தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கோணும்.

கேம் என்ன பேர்ல இருக்குன்னு தெரியலீன்னா டி, ஐ, ஆர் அடிங்க, ஃபோல்டர்ல இருக்கறதெல்லாம் வரிசையா வரும். அதுல இஎக்ஸ்இ, காம், பேட்னு முடியறது எதுவோ அதுதான் தெறக்கற சாவி.

ஒவ்வொரு தடவையும் இத்தனையும் அடிக்கறது சீக்குப் புடிச்ச வேலைன்னா, டாஸ்பாக்ஸோட செட்டிங் ஃபைலத் தெறந்து கடைசிக்குப் போங்க, ஆட்டோஎக்செக்னு ஒரு பகுதி காலியாக் கெடக்கும், இதே வரிகள அங்க எழுதி சேவ் பண்ணிட்டா தானா ஓடிக்கும்.

மவுஸ் உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரலீன்னா பதறாதீங்க, கன்ட்ரோலும் எஃப்10-ம். முழு ஸ்கிரீனுக்கு ஆல்ட்டும் என்டரும்.

மூணாவது: ஸ்பீடு, படம், சவுண்டு

எல்லாரும் தாண்டிக் குதிக்கற எடம் இது, நான் சித்த நின்னு சொல்லறேன்.

பழைய கேம் சிலது பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்துல ஓடற மாதிரி எழுதியிருப்பாங்க. எங்க ஊர்ல தறி ஓட்டறவங்களுக்குச் சொன்னாப் புரியும், தறிக்குப் பெரிய மோட்டாரப் போட்டு புல்லிய மாத்தாம வுட்டா நூலு அந்துட்டே இருக்குமில்லீங்க, அதேதான். டாஸ்பாக்ஸ்ல அந்த புல்லிக்குப் பேரு சைக்கிள்ஸ். கன்ட்ரோலும் எஃப்11-ம் அமுக்குனா கொறையும், கன்ட்ரோலும் எஃப்12-ம் அமுக்குனா கூடும், லேப்டாப்புன்னா எஃப்என் கீயும் சேத்து அமுக்க வேண்டி இருக்கலாம். விண்டோ மேல நம்பர் மாறறது தெரியும். சாதா டாஸ்பாக்ஸ் 3000ல ஆரம்பிக்கும், சின்ன கேமுக்கு அது சரியா இருக்கும், டூம் மாதிரி கனமானதுக்கு அதுவே மேக்ஸுக்குப் போயிக்கும். சவுண்டு திக்குச்சுன்னா வேகம் பத்தலீன்னு அர்த்தம், ஆளுங்க பேய் புடிச்ச மாதிரி ஓடுனா ஜாஸ்தி. ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பாத்து சரியான நம்பரப் புடிச்சுருங்க.

அடுத்தது படம். அப்ப வந்த கேம் நெறைய 320க்கு 200 புள்ளிதான், ஆனா டப்பா மானிட்டர் 4க்கு 3 அளவுல இருந்துச்சு, அதனால ஒவ்வொரு புள்ளியும் உசரத்துல 20 சதவீதம் இழுத்துத்தான் தெரியும், படம் வரைஞ்சவங்களும் அத மனசுல வெச்சுத்தான் வரைஞ்சாங்க. இப்ப இருக்கற மானிட்டர்ல அப்படியே போட்டா ஆளெல்லாம் குள்ளமா, முகம் பணியாரம் மாதிரி தெரியும். செட்டிங் ஃபைல்ல ஆஸ்பெக்ட்னு ஒரு வரி இருக்கும், அத ட்ரூன்னு மாத்துங்க. ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும், விழட்டும், போச்சாது. அத நெறப்பறேன்னு அகலத்துல இழுத்தீங்கன்னா மறுபடி பணியாரம்தான்.

சவுண்டுக்கு, கேம் கூடவே செட்டப்னு ஒரு ஃபைல் வரும், அத ஓட்டி சவுண்ட் பிளாஸ்டர்னு (அந்தக் காலத்து சவுண்டு கார்டு பேரு) செலக்ட் பண்ணுங்க. அட்ரஸ் 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1. இந்த மூணையும் எங்கயாச்சும் எழுதி வெச்சுக்கங்க, எந்த கேம் கேட்டாலும் இதுதான்.

நாலாவது: விண்டோஸ் கேமா இருந்தா

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஐஜிஐ, ரோட் ராஷ் இதுக்கெல்லாம் டாஸ்பாக்ஸ் வேண்டாம். ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்டீஸ், அதுல கம்பேட்டிபிலிட்டி, பழைய விண்டோஸ் பேர டிக் பண்ணிப் பாருங்க. அதுலயும் ஓடலீன்னா டிஜிவூடூன்னு ஒண்ணு இருக்குது, பழைய கிராபிக்ஸ் கார்டு பாஷைய புது கார்டுக்கு மாத்திச் சொல்லும். பரண்ல இருந்து ஒரிஜினல் சிடி எடுத்துப் போட்டும் ஓட மாட்டேங்குதுன்னா உங்க மேல தப்பு இல்லீங்க. அந்தக் காலத்து சிடில சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு இருந்துச்சு, அதுக்கான டிரைவர விண்டோஸ் 10ல இருந்து எடுத்துப்போட்டாங்க.

அஞ்சாவது: இப்பத்தான் பரிச்சை

வெளையாடறதுக்கு முன்னாடி, உங்களுக்கு ஞாபகம் இருக்கறத ஒரு பேப்பர்ல மூணு வரி எழுதுங்க. அப்பறம் மூணு நாளு, நாளைக்கு அரை மணி நேரம். மொத நாள் வெளையாடறது நீங்க இல்ல, உங்க ஞாபகம். மூணாவது நாளும் தானாப் போயி உக்காந்தீங்கன்னா கேம்ல சரக்கு இருக்குன்னு அர்த்தம். முடிஞ்சா அத முன்னப்பின்ன பாக்காத பொடுசு ஒண்ண உக்கார வைங்க. எனக்கு அக்கா பையன் கெடச்சான், லொள்ளு ஜாஸ்தி, ஆனா பொய் சொல்ல மாட்டான்.

டேஞ்சரஸ் டேவ் பத்தி நான் எழுதி வெச்சது: பெரிய கேம், ஏகப்பட்ட லெவல். லீவுல கம்ப்யூட்டர் கோர்ஸ் போனப்ப செருப்ப வெளிய கழட்டிட்டு ஏசி ரூம்புக்குள்ள போவோம், கடைசிப் பத்து நிமிஷம் சார் இத வெளையாட விடுவாரு, அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அந்த கோர்ஸே. இப்பப் பாத்தா மொத்தமே பத்து லெவல். கோப்பைய எடு, கதவுக்குப் போ, அவ்வளவுதான். பையன் "இவன் குதிச்சா ஏனுங் மாமா அந்தரத்துல மெதக்கறான்"னான். நாலு தடவை செத்தான், அப்பறம் என்னைய தள்ளிவிட்டுட்டு அவனே உக்காந்துட்டான். ஒரு சாயங்காலத்துக்குத் தாங்கும், அதுக்கு மேல இல்ல.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா வேற விஷயம். 1989ல வந்தது, அத எழுதுன ஜோர்டன் மெக்னர் தன்ற தம்பிய ஓடவிட்டு, குதிக்கவிட்டு, அத வீடியோ எடுத்து, அதப் பாத்துப் பாத்து ஒவ்வொரு அசைவையும் வரைஞ்சாரு. அதனால அந்தாளு ஓடுனா நிக்கறதுக்கு ரெண்டு எட்டு எடுத்துக்குவான், நெசமான மனுசன் மாதிரி. இப்ப இருக்கற பசங்களுக்கு இது கீ வேலை செய்யாத மாதிரித் தோணும். பையனுந்தான் கீபோர்டப் போட்டுக் குத்துனான். ஷிஃப்ட்ட அமுக்கிட்டே நடந்தா ஒவ்வொரு எட்டா எடுத்து வெப்பான், பள்ளத்து ஓரத்துல நிப்பான், ஷிஃப்ட்டப் புடிச்சிருந்தா செவுத்தப் புடிச்சுத் தொங்குவான்னு சொல்லிக் குடுத்தேன். அவ்வளவுதான், மூஞ்சியே மாறிப்போச்சு. இந்த ஒரு கீ தெரியாமத்தான் பல பேரு மொத லெவல்லயே மூடிட்டுப் போறாங்க, அதனால எந்த கேமா இருந்தாலும் அதோட மேனுவலத் தேடிப் புடிச்சு ரெண்டு பக்கமாச்சும் படிங்க, அப்பெல்லாம் கேமுக்குள்ள ஒண்ணுமே சொல்லித்தர மாட்டாங்க. மொத்த கேமுக்கும் 60 நிமிஷந்தான் டைம். அது இன்னிக்கும் வவுத்தக் கலக்குது.

டூம், கேக்கவே வேண்டாம். மேல கீழ பாக்க முடியாது, குறி தானாவே ஏறி எறங்கிக்கும், ஒண்ணும் கொறையாத் தெரியல. அந்த வேகம் இப்ப வர்ற சுடற கேம் பலதுல இல்லீங்க.

ஐஜிஐ 2000ல வந்தது. மிஷனுக்கு நடுவுல சேவ் பண்ண முடியாது. 2012ல எங்க பக்கம் கரண்ட் இருந்த நேரத்த விட இல்லாத நேரந்தான் ஜாஸ்தி, நாப்பது நிமிஷம் பதுங்கிப் பதுங்கிப் போயி கடைசிக் கதவுகிட்ட நிக்கறப்போ பொசுக்குன்னு போயிரும், தறிச் சத்தமும் நின்னுரும், தெருவே கப்சிப்னு ஆயிரும். இப்ப யூபிஎஸ் இருக்குது. இருந்தும் அந்த நாப்பது நிமிஷத்த மறுபடி மறுபடி செய்யறதுக்கு எனக்குப் பொறுமை இல்ல. மலையும் வெட்டவெளியும் பாக்க இன்னும் நல்லாத்தான் இருக்குது, கேம் தாங்கல.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மட்டும் பழைய சிடியத் தேடாதீங்க. 1999ல வந்தத 2019ல டெஃபினிட்டிவ் எடிஷனா புதுப்பிச்சுட்டாங்க, 2022ல வந்த எக்ஸ்பான்ஷன்ல ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெயினே இருக்குது, சுருள்வாள் வீசற ஆளுங்க வருவாங்க. கேமோட எலும்பு அதேதான், வெறகு வெட்டு, ஆடு மேய், வயல் போடு. விவசாயக் குடும்பத்துல பொறந்தவங்களுக்கு அந்த மொதப் பதினஞ்சு நிமிஷமே ருசி.

பையன் ஊருக்குக் கெளம்பறப்போ பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியால நாலாவது லெவல்ல நின்னான், கேமுக்குள்ள இன்னும் 41 நிமிஷம் பாக்கி. டாஸ்பாக்ஸ்ல இது ஒரு சவுகரியம், இன்ஸ்டால் ஒண்ணும் கெடையாது, கேம் ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணுனா சேவும் கூடவே வந்துரும். பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். பஸ்ஸு அவிநாசிபாளையம் தாண்டுறதுக்குள்ள அக்கா போன் பண்ணி, ஊட்டுல இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல இது ஓடுமாடான்னு கேக்குது, பையன் பக்கத்துல இருந்து நச்சறானாம்.