லாக்டிக் அமிலத்தை நிறுத்தாமல் பிரித்தெடுப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு செய்முறை

நொதிக்கலத்தில் லாக்டிக் அமிலம் உண்டாக்குவது பாதி வேலைதான். சர்க்கரையும் உப்பும் கலந்த அந்தக் கரைசலிலிருந்து அமிலத்தைத் தனியே எடுப்பதில்தான் காசு கரையும். பழைய முறையில் சுண்ணாம்பு சேர்த்து, பிறகு கந்தக அமிலம் ஊற்றுவார்கள். ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் மிஞ்சும். அதைக் கொட்ட இடம் தேடுவதற்குப் பதில், ரெசின் நிரப்பிய குழாய்களில் கரைசலையும் நீரையும் ஓடவிட்டு, அமிலத்தையும் சர்க்கரையையும் இடைவிடாமல் பிரிக்கும் முறையை (simulated moving bed) செய்து பாருங்கள்.

1. தெளிவு
செல்களை வடிகட்டிவிட்டு, ஹைட்ரஜன் வடிவ கேட்டயான் ரெசின் (நேர்மின் அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும் பிசின் மணிகள்) வழியாகக் கரைசலை விடுங்கள். சோடியம் நின்றுவிடும், பிஎச் 2 அருகே இறங்கும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அமிலத்தில் பாதி அயனியாகியிருக்கும் பிஎச், 3.86. பிஎச் அதற்கு மேலே போனால் அமிலம் பெரும்பாலும் அயனியாகிவிடும்; அயனியை ரெசின் உள்ளே விடாது, அது குளுக்கோஸுக்கு முன்னாலேயே ஓடிவந்துவிடும். அயனியாகாத அமிலம்தான் ரெசினுக்குள் புகுந்து பின்தங்கி வரும்.

2. ஒற்றைக் குழாய்ச் சோதனை
100 மி.லி. குழாயில் வலுவான கேட்டயான் ரெசினைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். ஓடவிட வேண்டியது காய்ச்சி வடித்த நீர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கால்சியம் ரெசினைப் பிடித்துக்கொள்ளும். (முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் காபிக்கு உசத்தி, இதற்கு ஆகாது.) குளுக்கோஸும் லாக்டிக் அமிலமும் கலந்த 2 மி.லி. விட்டு, 5 மி.லி. வீதம் சோதனைக்குழாய்களில் பிடியுங்கள். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கும்போது செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. பினாப்தலீன் சொட்டு விட்டு, நிறம் மாறும்வரை அளவு தெரிந்த காரத்தைச் சேர்த்து டைட்ரேட் செய்தால் அமிலம் எவ்வளவென்று தெரியும். இரண்டின் உச்சமும் எத்தனையாவது மி.லி.யில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு எல்லாம் கணக்குதான்.

3. கணக்கு
உச்சம் குளுக்கோஸுக்கு 60, அமிலத்துக்கு 80 மி.லி.யில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவில் எட்டுக் குழாய்களை வளையமாக இணைத்து, இரண்டிரண்டாக நான்கு மண்டலமாக்குங்கள். ஒவ்வொரு மண்டலத்தின் தொடக்கத்திலும் ஒரு வாய்: முதலாவதில் நீர் உள்ளே, இரண்டாவதில் அமிலம் வெளியே, மூன்றாவதில் கரைசல் உள்ளே, நான்காவதில் சர்க்கரை வெளியே. 10 நிமிடத்துக்கு ஒருமுறை வாய்களின் இடம் மாறும். அந்த 10 நிமிடத்தில் முதல் மண்டலத்தில் 80-க்கு மேல் ஓட வேண்டும், நான்காவதில் 60-க்குக் கீழே, நடு இரண்டிலும் இடைப்பட்டு. நிமிடத்துக்கு 8.4, 6.4, 7.6, 5.6 மி.லி. என்று வைத்தால் கரைசல் வரவு 1.2, நீர் வரவு 2.8, அமிலப் பக்கம் 2.0, சர்க்கரைப் பக்கம் 2.0. வரவும் செலவும் 4.0, சரியாக இருக்கிறது.

4. ஓட்டம்
செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இலை நகராது, பரிமாறுகிறவர் நகர்வார். இங்கும் குழாய்கள் நிற்கும். நான்கு வாய்களும் வால்வு மூலம் நீரோட்டத் திசையில் ஒவ்வோர் இடமாகத் தள்ளிப்போகும். பெட்ரோலியத் தொழிலுக்காக பிரௌட்டனும் கெர்ஹோல்டும் 1961-ல் காப்புரிமை பெற்ற உத்தி இது.

அமிலத்தில் சர்க்கரை கலந்து வந்தால் இரண்டாம் மண்டல ஓட்டத்தைச் சற்றே கூட்டுங்கள். சர்க்கரைப் பக்கம் புளித்தால் மூன்றாவதைக் குறையுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், டைட்ரேட் செய்தே பாருங்கள்.