முதல் சைக்கிள் ஹெல்மெட்: அளவெடுப்பதில் தொடங்குவோம்

என் முதல் சைக்கிள் ஹெல்மெட்டை நிறம் பார்த்துத்தான் வாங்கினேன். நீலச் சைக்கிளுக்கு நீல ஹெல்மெட். "எல்லாருக்கும் சேரும் சார், பின்னாடி திருகி டைட் பண்ணிக்கலாம்" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. விழுந்தேன். வேகம் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. ஆனால் விழுந்த வேகத்தில் அது பின்பக்கம் சரிந்துவிட, நெற்றி நேராகத் தாரில் உரசியது. புருவத்துக்கு மேல் ஐந்து தையல்.

"ஹெல்மெட் போட்டுமா அடிபட்டுச்சு?" என்று வீட்டில் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் தலை அளவுக்குப் பொருந்தாத ஹெல்மெட் அது என்று பிறகுதான் புரிந்தது. புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்கள் யார் என்னிடம் ஹெல்மெட் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: தலை சுற்றளவு எவ்வளவு? எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

ஒரு சைக்கிள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, உள்ளே தடித்த தெர்மகோல். டிவி பெட்டிக்குள் வைத்து அனுப்பும் அதே வகைதான், இன்னும் அடர்த்தியானது. நம்மைக் காப்பது இந்தத் தெர்மகோல். தலை தரையில் மோதும்போது இது நசுங்கும். நசுங்கும் அந்தச் சில மில்லி விநாடிகளில் தலையின் வேகம் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நசுங்கிய தெர்மகோல் பழையபடி எழும்பாது. அதனால் ஒரு பெரிய அடிக்கு ஒரு ஹெல்மெட் என்பதே கணக்கு.

சோதனைக்கூடத்தில், உள்ளே ஒரு போலித் தலையை வைத்து ஹெல்மெட்டைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078-இல் தட்டையான இரும்பின்மேல் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சி வகுத்த தரத்தில் 2 மீட்டர். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது நம் தலை இருக்கும் உயரமும் ஏறக்குறைய இதுதான். தெரு முனைக் கடைக்கு மெதுவாகப் போனாலும் ஹெல்மெட் போடச் சொல்வது இதனால்தான்: நின்ற இடத்திலிருந்து சாய்ந்து விழுந்தாலும் தலை இவ்வளவு உயரத்திலிருந்துதான் கீழே வருகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேகமாக வரும் லாரி மோதினால் தாங்குவதற்காக இது செய்யப்படவில்லை. ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று போக்குவரத்தில் துணிச்சல் காட்டாதீர்கள்.

படி 1: தலையை அளந்துகொள்ளுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்தலை அதிகம் புடைத்திருக்கும் இடம் வரை சுற்றி அளவெடுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். மூன்று தடவை எடுத்து, பெரிய அளவைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான நிறுவனங்களில் மீடியம் என்றால் ஏறக்குறைய 55 முதல் 59 சென்டிமீட்டர். ஆனால் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் "நான் மீடியம்" என்று மனதில் வைத்துக்கொள்ளாமல் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் இரண்டையும் போட்டுப் பார்ப்பதுதான் வழி. "கொஞ்சம் லூஸா இருக்கட்டும், காத்து போகும்" என்று பெரியதை எடுக்க வேண்டாம். நான் செய்த தப்பு அதுதான்.

படி 2: எங்கே ஓட்டுகிறீர்கள்?

*ஊருக்குள், அலுவலகத்துக்கு, டியூஷனுக்கு.* உருண்டையான, எளிமையான ஹெல்மெட் போதும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு போன்ற தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறமாக எடுங்கள். பின்பக்கம் சின்னச் சிவப்பு விளக்கு மாட்ட இடம் இருந்தால் மாலை இருட்டில் உதவும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவீர்கள் என்றால் முன்னால் ஒரு சிறு மறைப்பு வெயிலுக்கும் தூறலுக்கும் நல்லது.

*நீண்ட தூரம், ரோட் பைக்.* சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவர்களுக்குக் காற்றோட்டமும் எடையும்தான் முக்கியம். 250 முதல் 300 கிராம் வரை உள்ளதாகவும், முன்னாலிருந்து பின்னால் வரை பெரிய துளைகள் உள்ளதாகவும் பாருங்கள். இங்கே முன்மறைப்பு வேண்டாம். வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனியும்போது அது சாலையையே மறைத்துவிடும். கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் கடைக்கு அதையும் எடுத்துப் போங்கள். ஹெல்மெட்டின் ஓரம் கண்ணாடிக் காம்பை அழுத்தினால் முதல் பத்து கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது, ஐம்பதாவதில் தலைவலி வரும். 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டும் ஆசை இருந்தால் அதற்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம். அவ்வளவு நேரமும் தலையில் இருக்கப்போகிற பொருள் இது.

*மலைப்பாதை.* இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மணிக்கு 7, 8 கிலோமீட்டர்தான் போவோம். எதிர்க்காற்றே இருக்காது, வியர்வை கண்ணில் வழியும். அப்போது எல்லோருக்கும் தோன்றும் ஆசை, ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடலாம் என்பது. பந்தய வீரர்களையே இந்த ஆசை விட்டதில்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் அந்த்ரேய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு மே மாதம் உலகச் சைக்கிள் சங்கமான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அப்போதுகூட, மலை உச்சியில் முடியும் பந்தயங்களில் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். பிறகு அந்தச் சலுகையும் போனது.

நமக்கு உச்சியோடு முடிவதில்லை, திரும்பி இறங்க வேண்டும். பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கினாலும் வேகம் 40-ஐத் தொடும். மேலே கழற்றியவர்கள் டீ குடித்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, பக்கிளைப் போடாமலே கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மலைக்குப் போகிறவர்கள் காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும். கழற்றத் தோன்றாத ஹெல்மெட்தான் தலையில் நிலைக்கும்.

*மண் பாதை, எம்டிபி (மவுண்டன் பைக்).* பின்தலையும் நெற்றிப்பொட்டும் நன்றாக மூடியிருக்க வேண்டும். கிளை முகத்தில் அடிக்காமல் இருக்க முன்மறைப்பு இங்கே தேவை. செங்குத்தான இறக்கங்களில் குதித்து ஓட்டுகிறவர்களுக்குத் தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் வகை இருக்கிறது. ஆரம்பத்தில் அது வேண்டியதில்லை.

*ஸ்டண்ட், பிஎம்எக்ஸ் (வித்தை காட்டும் சின்னச் சைக்கிள்).* கிண்ணம் கவிழ்த்தது போன்ற கெட்டி ஓடு வகை. வெயிலில் நீண்ட தூரம் இதைப் போட்டுக்கொண்டு போக முடியாது.

ஊருக்குள் ஓட்டவும் ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கும் ஒரே ஹெல்மெட் தாராளமாகப் போதும். மண் பாதையிலோ ஸ்டண்டிலோ இறங்கினால்தான் இரண்டாவது தேவைப்படும். வால் போல் நீண்ட பந்தய ஹெல்மெட்டுகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பைக் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறதே, அதையே போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் ஐஎஸ் 4151 தரம் மோட்டார் வண்டிக்கானது. எடை ஒரு கிலோவுக்கு மேல் போகும், காற்று போகாது, பின்னால் வரும் வண்டியின் சத்தமும் சரியாகக் கேட்காது. பெடல் மிதித்து வியர்க்கும் உடம்புக்கு அது பொருந்தாது.

படி 3: உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்

இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி, இரண்டில் ஒன்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அளவும் தயாரித்த தேதியும்கூட அங்கேயே இருக்கும். எந்தத் தர எண்ணும் இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் இது இல்லாமல் நிறைய வருகின்றன.

படி 4: போட்டுப் பாருங்கள், அவசரப்படாமல்

முடிந்தவரை கடைக்கு நேரில் போங்கள். இந்தப் படிக்குக் குறைந்தது கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

பின்பக்க டயலை முழுதாகத் தளர்த்திவிட்டுத் தலையில் வையுங்கள். அப்படியே ஓரளவு பிடிப்பாக உட்கார வேண்டும். டயலை இறுக்கினால்தான் நிற்கிறது என்றால் அது பெரிய அளவு. டயல் கடைசி மில்லிமீட்டரைச் சரிசெய்யத்தான். அளவு சரியாக இருந்தும் நெற்றியிலும் பின்தலையிலும் அழுத்தம், பக்கவாட்டில் இடைவெளி என்றால் வடிவம் பொருந்தவில்லை. சிலர் தலை நீள்வட்டம், சிலர் தலை உருண்டை. ஏசியன் ஃபிட் என்று உருண்டை வடிவத்தைத் தனியாக விற்கும் நிறுவனங்கள் உண்டு. இன்னொரு பிராண்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, உயரம். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளிப் போடுவது நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. அப்படிப் போட்டால் முன்னால் விழும்போது முதலில் தரையைத் தொடுவது நெற்றிதான்.

பிறகு வார்கள். இருபக்கமும் காதுக்கு முன்னும் பின்னுமாக வரும் இரண்டு வார்கள் காதுமடலுக்குச் சற்றுக் கீழே, உண்டிவில் கவை போலச் சேர வேண்டும். பக்கிளைப் போட்டபின் தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. இப்போது வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரிய வேண்டும். தலையை வேகமாக ஆட்டுங்கள். முன்விளிம்பைப் பிடித்து மேலே தள்ளுங்கள். நெற்றித்தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி. ஹெல்மெட் மட்டும் தனியாகப் பின்னால் போனால் வாரைச் சரிசெய்து மறுபடி பாருங்கள், அப்படியும் போனால் வேறு ஹெல்மெட்.

நீளமான கூந்தல் உள்ளவர்கள் உயரக் கொண்டையோடு போடவே முடியாது. அது ஹெல்மெட்டை மேலே தூக்கிவிடும். டயலுக்குக் கீழே வரும்படி தாழ்வான ஒற்றைப் பின்னல்தான் வசதி. உள்ளே ஹேர்பின், கிளிப் எதுவும் இருக்கக் கூடாது, விழுந்தால் அதுவே குத்தும். தினமும் எப்படிப் பின்னுவீர்களோ அதே பின்னலோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்.

படி 5: விலையும் மஞ்சள் உறையும்

சில ஹெல்மெட்டுகளுக்குள் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். மிப்ஸ் என்று பெயர். ஸ்டாக்ஹோமில் மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆராய்ச்சியாளர் பீட்டர் ஹால்டினும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. சைக்கிளிலிருந்து விழும்போது தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தரையைத் தொடும், உடனே திருகப்படும். அந்தத் திருகல் மூளைக்கு ஆபத்து. தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இந்த உறை 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுக்கிக்கொடுத்து அதைக் குறைக்கப் பார்க்கிறது. பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டைவிடச் சரியாகப் பொருந்தும் சாதாரண ஹெல்மெட்டையே நான் எடுப்பேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விலை அதிகமானவற்றைவிட மேலான இடத்தில் மலிவான சில ஹெல்மெட்டுகள் இருப்பதை அங்கே காணலாம். கூடுதல் விலை பெரும்பாலும் எடையைக் குறைக்கவும் காற்றோட்டத்துக்கும்தான் போகிறது.

குழந்தைகளுக்கு

"வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும்" என்று பள்ளிச் சீருடை போலப் பெரிதாக வாங்காதீர்கள். இன்றைய தலைக்கு வாங்குங்கள். பக்கிளைப் போடும்போது தாடைத்தோல் மாட்டிக்கொண்டால் குழந்தை அப்புறம் ஹெல்மெட்டைத் தொடவே தொடாது, அதனால் உங்கள் விரலை நடுவில் வைத்துப் போட்டுவிடுங்கள். ஒன்று மிக முக்கியம்: சைக்கிளை விட்டு இறங்கியதும் கழற்றிவிடுங்கள். ஹெல்மெட்டோடு ஊஞ்சலிலோ மரத்திலோ ஏறினால் இடுக்கில் ஹெல்மெட் சிக்கி, வார் கழுத்தை இறுக்கிவிடும்.

படி 6: வைத்துக்கொள்வது

தேங்காய் எண்ணெய் தடவும் தலைக்கு உள்பஞ்சு சீக்கிரம் வாடை அடிக்கும். பஞ்சைப் பிரித்து, குளிக்கும் சோப்பில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். பிளாஸ்டிக் மேலோட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர், பெயின்ட் எதுவும் படக் கூடாது, அவை தெர்மகோலைத் தின்றுவிடும். பூட்டிய காருக்குள் மே மாத வெயிலில் விடாதீர்கள்.

விழுந்து தலை மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். விழாமலே இருந்தாலும் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது சிபிஎஸ்சி. நம் வெயிலில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஐந்துக்குப் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

என் இரண்டாவது ஹெல்மெட் அப்படித்தான் போனது. மழை பெய்த சாலையில் வழுக்கி, பக்கவாட்டில் விழுந்தேன். இந்த முறை அது நகரவில்லை. எழுந்து நின்று கழற்றிப் பார்த்தால் காதுக்கு மேலே தெர்மகோல் நகக்கண் அகலத்துக்கு விரிசல் விட்டிருந்தது. என் தலையில் ஒன்றுமில்லை. அதை அப்படியே குப்பையில் போட மனம் வரவில்லை, வேறு யாராவது நல்ல ஹெல்மெட் என்று எடுத்துத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடும். கத்தரிக்கோலால் வார்களை இருபக்கமும் வெட்டி, ஓட்டின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டபிறகுதான் வெளியே வைத்தேன்.